மாமியார் தோட்டத்துப் பூட்லோடர்

கல்யாணமாகி வந்த பெண் புகுந்த வீட்டில் என்னென்ன செய்யக்கூடாது என்பதற்கு எங்கள் பக்கத்தில் கணக்கே கிடையாது. விளக்கு வைத்த பிறகு தலை வாரக்கூடாது. உப்பைக் கையில் வாங்கக்கூடாது. செவ்வாய்க்கிழமை நகம் வெட்டக்கூடாது. நான் இதில் எதையும் செய்யவில்லை. மாமியாரின் திராட்சைத் தோட்டத்துக்குள் ஒரு பேயைக் கொண்டுபோய் விட்டேன், அவ்வளவுதான். அதைச் செய்யக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அப்போது தேனியில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. பெயிண்டுக் கடை மாடி. முதலாளி, சேவியர், நான், சால்டரிங் செய்ய இரண்டு அக்காமார். நாங்கள் செய்தது இரண்டே பொருள். ஒன்று மோட்டார்ப் பெட்டி. தோட்டத்து பம்புசெட்டில் மாட்டிவிட்டால் வீட்டில் உட்கார்ந்துகொண்டே போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். ‘மோட்டார் ஓடுகிறது’, ‘மின்சாரம் இல்லை’ என்று வாய் திறந்து சொல்லவும் செய்யும். (குரல் என்னுடையது. ஜலதோஷத்தோடு பதிவு செய்தது. இன்றைக்கும் பல தோட்டங்களில் நான் மூக்கடைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.) இன்னொன்று மணிப் பெட்டி. பள்ளிக்கூடம், கோயில், சர்ச் என்று எங்கே மாட்டினாலும் நேரத்துக்கு மணியடிக்கும். இரண்டு பெட்டிக்கும் உள்ளே இருந்தது ஒரே சிப்பு.

பூட்லோடர் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் புத்திசாலித்தனத்தின் முழு அழகும் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். பெட்டிக்குக் கரண்டு வந்ததும் முதலில் கண் விழிக்கிற குட்டி நிரல் அது. காலையில் வந்து கடையின் ஷட்டரைத் தூக்கிவிடுகிற ஆள் மாதிரி. பெரிய நிரல் எங்கே இருக்கிறது என்று தேடி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பெரிய நிரலை எழுப்ப முடியாவிட்டால், கையோடு வைத்திருக்கும் ஓர் அவசர நிரலை ஓட்டிச் சமாளிக்கும்.

சேவியர் ராயப்பன்பட்டிக்காரர். எனக்குச் சீனியர். அவசரம் என்ற சொல்லையே அறியாதவர். கம்ப்யூட்டரில் மோட்டார்ப் பெட்டிக்கு ஒரு கோப்புறை, மணிப் பெட்டிக்கு ஒரு கோப்புறை என்று வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பூட்லோடர் கோப்பைத் தனித்தனியாகப் போட்டிருந்தார். இரண்டுக்கும் ஒரே பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, கல்யாணமும் புதிது. எதைப் பார்த்தாலும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கை அரிக்கிற காலம். ஒரே சிப்புக்கு எதற்கு இரண்டு பூட்லோடர்? ‘பொது’ என்று ஒரு கோப்புறை திறந்தேன். அதில் ஒன்றைப் போட்டேன். மற்றதை அழித்தேன்.

"அதுஅது அதுஅது வீட்டுல இருக்கட்டும் உமா" என்றார் சேவியர்.

"சிப்பு ஒண்ணுதான சார்? சிப்புக்குத்தான பூட்லோடர்?"

"சிப்புக்குன்னு சொல்லலாம். பெட்டிக்குன்னும் சொல்லலாம்" என்று ஆரம்பித்தார். அவர் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறி, ஆடை கட்டி, ஈ விழுந்துவிடும். நான் காத்திருக்கவில்லை. பில்டு போட்டேன், அதாவது நிரலைப் புதிதாகக் கட்டிப் பெட்டியில் ஏற்றினேன். பெட்டி எழுந்தது, பேசியது, மோட்டாரைப் போட்டது, நிறுத்தியது. ஆபீசில் யூபிஎஸ் கரண்டு, ஆடாமல் அசையாமல் வந்தது. ஒரு குறையும் இல்லை. அந்தப் புது பில்டு போட்ட முதல் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே மாமியார் தோட்டத்துக்குப் போனேன்.

அத்தையின் தோட்டம் கம்பத்துக்குத் தெற்கே, சுருளி போகிற வழியில் இருக்கிறது. பன்னீர் திராட்சை. மாமா இறந்தபின் அத்தை ஒற்றை ஆளாக அதைக் கட்டி மேய்த்தார். கொடியைக் கவாத்து வெட்டுவது எப்போது, மருந்து எப்போது, எந்த வியாபாரிக்குக் காய் என்று எல்லாம் அவர் முடிவுதான். என் கணவர் செந்தில் கோயம்புத்தூரில் வேலை பார்த்தார். அவருக்குத் தோட்டம் என்றால் ‘வித்துட்டு ஒரு பிளாட் வாங்கலாம்’ என்ற ஒரே யோசனைதான். அதை அத்தை முன்னால் சொல்கிற தைரியம் மட்டும் அவருக்கு வந்ததில்லை.

நான் பெட்டியோடு போனது அறுப்பு நெருங்கியிருந்த சமயம். அறுப்புக்கு முன்னால் திராட்சைக்குத் தண்ணீரை நிறுத்திக் காயப்போடுவார்கள். அப்போதுதான் இனிப்பு ஏறும். அந்த நாட்களில் மட்டும் தண்ணீர் பாய்ந்துவிடவே கூடாது. பாய்ந்தால் பழம் குடித்துக் குடித்து உப்பித் தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்தை வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அந்த முறை காய்ப்பு நன்றாக இருந்தது. பந்தல் முழுக்கக் குலை. கேரள வியாபாரி வந்து பார்த்து, அடுத்த வாரம் வெட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"மோட்டாரே போடாத நேரத்துல எதுக்குத்தா பெட்டி?" என்று கேட்டார் அத்தை.

"அப்பத்தான் அத்தை மாட்ட வசதி" என்றேன். மாட்டிச் சோதித்தேன். ‘மோட்டார் ஓடுகிறது’ என்றது பெட்டி.

அத்தை அதைச் சற்று நேரம் பார்த்தார். "வீட்டுக்குள்ள ஒங்கொரலு பத்தாதுன்னு தோட்டத்துலயுமா?" என்றார். அவர் சிரிக்கவில்லை. ஆனால் பெட்டியைக் கழற்றச் சொல்லவும் இல்லை. எனக்கு அதுவே தேசிய விருது மாதிரி இருந்தது.

அந்த வாரத்தின் நடுவில் அத்தையிடமிருந்து போன். "உமா, நீ அங்கனருந்து மோட்டாரப் போட்டியா?"

"இல்லியே அத்தை."

"மத்தியானம் ஓடியிருக்கு. மொக்கராசு பாத்துட்டு வந்து சொன்னான். கரண்டு போறமட்டும் ஓடியிருக்கு."

மொக்கராசு தோட்டத்தில் வேலை பார்ப்பவர். "யாராச்சும் கை வச்சிருப்பாக" என்றேன். கூடவே, இன்று நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ள வைக்கிற ஒரு வாக்கியத்தையும் சொன்னேன். "பெட்டி தப்புப் பண்ணாது அத்தை. மனுசங்கதான் தப்புப் பண்ணுவாக."

மறுநாள் மறுபடி போன். இந்த முறை குரல் தணிந்திருந்தது. பக்கத்தில் யாரோ கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் பேசினார்.

"பெட்டி பேசுது உமா."

"பேசத்தான் செய்யும் அத்தை. எங்கொரலுதான்."

"ஒங்கொரலு இல்ல. ஆம்பளக் கொரலு."

நான் பதிவு செய்ததைத் தவிர அந்தப் பெட்டிக்குள் வேறு குரலே கிடையாது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆபீசில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, கீழே கடையில் யாரோ வெள்ளை பெயிண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் கழுத்துக்குப் பின்னால் மட்டும் சில்லென்று ஆனது. "என்ன சொல்லுது அத்தை?" என்றேன்.

"யாரோ செத்துட்டாகன்னு சொல்லுது. யாருன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது. பேரு வாற எடத்துல பேசாம நிக்குது. பெறகு எல்லாரும் வாங்கன்னு கூப்புடுது."

ஒரு நல்ல இன்ஜினியர் என்ன செய்திருப்பாள்? ‘ப்யூசைப் பிடுங்குங்க அத்தை’ என்று சொல்லியிருப்பாள். நான் சொன்னது இது: "பெட்டியில யாரும் கை வைக்க வேணாம். ப்யூசக்கூடத் தொட வேணாம். சீலு போயிரும். சனிக்கிழம நானே வந்து பாக்குறேன்." வேறு யாராவது திறந்து பார்த்துக் குறை கண்டுபிடித்துவிட்டால் என் மானம் போய்விடும் அல்லவா? சேவியரிடமாவது கேட்டிருக்கலாம். முதல் பெட்டியிலேயே புகார் என்று அவரிடம் போய் நிற்க மனம் வரவில்லை. ஆக, மாமியார் தோட்டத்தில் நாள் தவறாமல் தண்ணீர் பாய, நான் தேனியில் என் கௌரவத்தைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

(தொட வேண்டாம் என்று நான் சொன்னதற்குத் தோட்டத்தில் வேறு அர்த்தம் ஆகியிருந்தது. அது பேர் கேட்டு நிற்கும்போது யார் கை வைக்கிறார்களோ, அவர்கள் பேரைத்தான் எடுத்துக்கொள்ளும் என்று மொக்கராசு சொல்லிவிட்டார். படித்த மருமகளும் தொடாதே என்று சொல்லிவிட்டாள். பிறகு யார் போவார்கள்?)

சனிக்கிழமை கம்பம் பஸ்ஸில் போய் இறங்கினேன். வீட்டு வாசலில் செந்தில் நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வருவதாகச் சொல்லவே இல்லை. "அம்மா ஒடனே வரச் சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டா வா சொல்றேங்குறாங்க" என்றார்.

உள்ளே போனேன். வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அத்தை குளித்து, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் சேலையைக் கட்டி, விபூதி பூசி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கேயோ புறப்படத் தயாராகி வண்டிக்குக் காத்திருப்பவர் மாதிரி.

"எங்கயும் போறிகளா அத்தை?"

"ஒங்க மாமா கூப்புடுறாக" என்றார். காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை. பால்காரர் வந்திருக்கிறார் என்று சொல்வதுபோல்தான் சொன்னார். "பேர மட்டும் சொல்ல மாட்டேங்குறாக. அவுக இருந்தப்பயும் என்னையப் பேரச் சொல்லிக் கூப்புட்டது கெடையாதுல்ல?"

நான் சிரிக்கத்தான் நினைத்தேன். அத்தையின் சேலை மடிப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோட்டத்தில் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. மொக்கராசு பேயோட்டும் கோடாங்கியை அழைத்து வந்திருந்தார். உடுக்கை, எலுமிச்சம்பழம், கால் கட்டிய சேவல். "படிச்ச பொண்ணு நீங்க, தப்பா நெனைக்கக் கூடாது" என்றார் கோடாங்கி என்னிடம். நான் பெருந்தன்மையாக, "சேச்சே, அவுகவுக நம்பிக்க" என்றேன். மனதுக்குள், இந்த ஆள் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன்.

உச்சிப்பொழுதில் திராட்சைப் பந்தலுக்குள் போயிருக்கிறீர்களா? வெளியே வெயில் கண்ணைக் குத்தும். உள்ளே குனிந்து நுழைந்தால் இருட்டு. முழு இருட்டும் இல்லை, பச்சையாக ஒரு மங்கல். மயில்துத்த மருந்து அடித்து அடித்துக் கல்தூண்களெல்லாம் நீலம் பாரித்திருக்கும். நாம் பேசுவது நமக்கே தூரத்தில் கேட்கும். குலைகள் முகத்தில் இடிக்கும். அன்று இடித்த குலைகள் ஈரமாக இருந்தன. தொட்டுப் பார்த்தேன். விரலில் சாறு ஒட்டியது. பாதிப் பழம் தோல் கிழிந்து வாய் பிளந்திருந்தது. குளவிகள் மொய்த்தன. காலடியில் சேறு. அதைப் பார்த்த அந்த நிமிடம் பேயைவிட அத்தையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மோட்டார் ரூம் பந்தலின் மறு ஓரத்தில். அதன் வாசலுக்கு முன் நாங்கள் நின்றோம். கோடாங்கி உடுக்கையை எடுத்தார். சரியாக மணி பன்னிரண்டு.

யாரும் தொடாமல் மோட்டார் உறுமியது. நின்றது. உறுமியது. நின்றது. மூன்று முறை. பிறகு ஒரு மௌனம். மறுபடி மூன்று. பிறகும் மூன்று. ஒவ்வொரு உறுமலுக்கும் குழாய் இருமித் தொட்டியில் தண்ணீரைத் துப்பியது. சேவல் கத்துவதை நிறுத்திக்கொண்டது. கோடாங்கியின் உடுக்கையும் நின்றுபோனது. அவர் மெல்ல எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

பிறகு பெட்டி பேசியது. ஆண் குரல். மண்ணுக்கடியிலிருந்து வருவதுபோல் கனத்து, இழுத்து, மெல்ல.

"நம்… ஊரைச்… சேர்ந்த…"

அதோடு நின்றது. அந்த மௌனம் எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பேரும் ஓர் அப்பன் பேரும் ஒரு தெருப் பேரும் சொல்லி முடிக்கலாம், அவ்வளவு நேரம். தொட்டியில் தண்ணீர் ஏறுவது கேட்டது. அடுத்து என் பேர்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்த மண்டை, செய்த பாவங்களை வரிசையாக எடுத்துப் போட்டது. பக்கத்தில் மொக்கராசு முணுமுணுப்பது கேட்டது: "எம்பேரு வேணாஞ்சாமி, எம்பேரு வேணாம்." செந்தில் என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்திருந்தார்.

அத்தை மட்டும் ஓர் அடி முன்னால் வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

"நாந்தான், வாரேன்" என்றார் பெட்டியிடம். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்குப் பெறகு இந்தத் தோட்டம் உமாவுக்கு. செந்திலுக்கு இல்ல. அவன் மறு மாசமே வித்துப்புடுவான்."

"அம்மா!" என்றார் செந்தில்.

"…இன்று… நம்மை… விட்டுப்… பிரிந்தார். அனைவரும்… வாருங்கள்" என்றது பெட்டி.

நான் அழுதேன். பயத்திலா, அந்தக் கிழிந்த பழங்களைப் பார்த்தா, அத்தை சொன்னதைக் கேட்டா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம்தான். என்னைப் பிடிக்காத மாமியார் என்று நான் நினைத்திருந்த மனுஷி, செத்துப்போகிற நேரம் என்று நம்பிய நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மோட்டார் மறுபடி உறுமியது. இந்த முறை ஒற்றை உறுமல். நீண்ட இடைவெளி. இன்னோர் உறுமல். அதைவிட நீண்ட இடைவெளி. அடுத்தது எப்போது வரும் என்று என் உடம்புக்குத் தெரிந்தது. இதோ என்று நினைத்தேன், வந்தது. மறுபடி நினைத்தேன், வந்தது. இந்த இடைவெளியை எனக்குத் தெரியும். இதை நான் எழுதியிருக்கிறேன். மணிப் பெட்டிக்கு நிரல் எழுதும்போது பக்கத்தில் சேவியர் உட்கார்ந்து, ‘இன்னுங்கொஞ்சம் விடு உமா, இன்னுங்கொஞ்சம். துக்கத்துக்கு அவசரம் கெடையாது’ என்று சொல்லிச் சொல்லி நீட்ட வைத்த இடைவெளி. இது துக்க மணி!

துக்க அறிவிப்பை இரண்டு தடவை சொல்வது சேவியர் பக்கத்துச் சர்ச்சுகளில் வழக்கம். "நம்… ஊரைச்… சேர்ந்த…" என்று பெட்டி இரண்டாம் தடவை ஆரம்பித்து, பேர் வரவேண்டிய இடத்தில் நின்றது. அந்தக் குரலும் இப்போது புரிந்துபோனது. அந்த மௌனத்துக்குள் என் தொண்டை கிழியக் கத்தினேன்:

"சேவியர்!"

"…இன்று… நம்மை… விட்டுப்… பிரிந்தார்" என்றது பெட்டி.

கோடாங்கி கையெடுத்துக் கும்பிட்டார். மொக்கராசு தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை என் கையை விட்டார். "யாருத்தா அந்தச் சேவியரு?" என்று கேட்டார். செந்திலும் அதே கேள்வியைக் கண்ணால் கேட்டார், வேறு தொனியில்.

"எங்க ஆபீஸ் சார்" என்றேன். "இது அவர் கொரல் அத்தை." விளக்கம் சொல்ல நேரமில்லை. ப்யூசைப் பிடுங்கி எறிந்தேன். மோட்டார் அடங்கியது. சேவியருக்குப் போன் போட்டேன்.

மணி அடித்தது, அடித்தது, அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. போன் பக்கத்தில் இல்லாமல் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. எல்லோரும் என் போனையே பார்த்தார்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட பிறகும், அது எங்கள் மணிப் பெட்டியின் நிரல்தான் என்று தெரிந்த பிறகும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டே மறுபடி அழுத்தினேன். அவர் பேரைச் சொன்னது நான்தானே!

மூன்றாவது முறை எடுத்தார். "என்ன உமா?" என்றது அதே குரல், இழுவை மட்டும் இல்லாமல். "மீன் கொழம்பு. சாப்பாட்டுல ஒக்காந்தா நான் போன எடுக்குறதில்ல."

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பொதுக் கோப்புறையில எந்தப் பூட்லோடரப் போட்ட?" என்று கேட்டார்.

மணிப் பெட்டியுடையதை. அழித்தது மோட்டார்ப் பெட்டியுடையதை.

அன்று சேவியர் சொல்லி முடித்ததை (முதன்முறையாக நான் முழுக்கக் கேட்டேன்) சுருக்கிச் சொல்கிறேன். கம்பத்துக் கரண்டில் வோல்டேஜ் தொப்பென்று விழும், எழும். அப்படி விழுந்து எழும்போது பெட்டியும் தடுமாறி எழுகிறது. மணிப் பெட்டியின் பூட்லோடர், மோட்டாரின் பெரிய நிரலைத் தேடிக் கிடைக்காமல், கையோடு கொண்டுவந்த அவசர நிரலை ஓட்டிவிடுகிறது. அந்த அவசர நிரல் ஒரு பங்குத்தந்தை கேட்டுக்கொண்டபடி எழுதியது. எது கெட்டுப்போனாலும் நண்பகல் மணியும் துக்க அறிவிப்பும் நிற்கக்கூடாது என்பது அவர் நிபந்தனை. மணியை ஆட்டும் இணைப்பு இங்கே மோட்டாரை ஆட்டியது. பாதிரியார் அழுத்தும் பொத்தானின் கம்பி இங்கே தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் கம்பி. தண்ணீர் தொட்டதும், பாதிரியார்தான் அழுத்திவிட்டார் என்று நினைத்து அது பேச ஆரம்பித்திருக்கிறது. இறந்தவர் பேரை மைக்கில் சொல்வதற்காக விட்ட இடம்தான் அந்த மௌனம். சிப்பு ஒன்றானாலும் அதை ஓட்டும் துடிப்பு மோட்டார்ப் பெட்டியில் மெதுவானது. அதனால்தான் சேவியரின் குரல் பாதாளத்துக்குப் போயிருக்கிறது. அறிவிப்பு முடிந்தபின், பொத்தானை மறுபடி யாராவது அழுத்துவார்கள் என்று ஒலிபெருக்கியின் இணைப்பையும் (இங்கே அதுவும் மோட்டார்தான்) விடாமல் ஓட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறது. கரண்டு போகும்வரை காத்திருந்திருக்கிறது.

"மோட்டார்ப் பெட்டியோட பூட்லோடருக்கும் ஒரு அவசர நிரல் இருந்துச்சு உமா" என்றார். "ஒரே வேல. என்ன ஆனாலும் மோட்டாரப் போடாத. நீ அழிச்சது அதத்தான். சிப்பு எதுன்னு பாக்கக் கூடாது. கஷ்டம் வந்தா இந்தப் பெட்டி என்ன செய்யணும்னு பாக்கணும். ஒண்ணு சத்தம் போடணும், ஒண்ணு சும்மா இருக்கணும். ரெண்டையும் எப்புடி ஒரே எடத்துல வைக்கிறது?"

மாலை வெயில் இறங்குவதற்குள் ராயப்பன்பட்டியிலிருந்து பைக்கில் வந்துவிட்டார், மடிக்கணினியோடு. பந்தலுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து பெட்டியைச் சரிசெய்தார். மொக்கராசு அவருடைய நிழல் தரையில் விழுகிறதா என்று சுற்றிவந்து பார்த்தார். கோடாங்கி, பூசை பலித்துவிட்டது என்று அறிவித்துச் சேவலை எடுத்துக்கொண்டு போனார். யாரும் தடுக்கவில்லை. எங்களில் யாரும் அவரைவிட நன்றாக நடந்துகொண்டிருக்கவில்லை.

அத்தை சேவியரை ஏற இறங்கப் பார்த்தார். "செத்தவுக வந்திருக்காக. எலையப் போடு உமா" என்றார்.

அந்த முறை அறுப்பு போய்விட்டது. கேரள வியாபாரி வந்தார், பந்தலுக்குள் குனிந்து இரண்டு வரிசை நடந்தார், ஒரு குலையைத் தூக்கிப் பார்த்தார். "செரியாவூல சேச்சி" என்று கையை விரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். நல்லதாகத் தேறிய கொஞ்சத்தை ரோட்டோரக் கடைகளுக்குக் கொடுத்தோம். மீதியை மாடு தின்றது. ஒரு வருடக் காய்ப்பில் ஒரு பங்கு அப்படியே மண்ணுக்குப் போனது. அத்தை காலில் விழுந்தேன். "எந்திரி. மழ பேஞ்சிருந்தாலும் இதான்" என்றார். பிறகு, "மழைக்கு டிகிரி கெடையாது, அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

செந்தில் இரண்டு நாள் பொறுத்திருந்துவிட்டுப் பேச்சை எடுத்தார். "ஏம்மா, அதான் பேயே இல்லன்னு ஆயிருச்சே. அன்னைக்குத் தோட்டத்தப் பத்திச் சொன்னது…"

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏலே, பேயி பொய்யி. நீ வித்துப்புடுவேங்குறதும் பொய்யா?"

அடுத்து வந்த வைகாசியிலேயே பத்திரம் என் பேருக்கு எழுதப்பட்டது. இப்போதும் எங்கள் வீட்டு விசேஷங்களில், சாப்பிட்டு வெற்றிலை போடும் நேரத்தில், யாராவது செந்திலிடம், ‘தோட்டம் எப்படி மாப்ள மருமக பேருக்குப் போச்சு?’ என்று எடுத்துக் கொடுப்பார்கள். அவரும் சலிக்காமல், "எல்லாரு சொத்தும் அண்ணந்தம்பி சண்டையில போகும். என் சொத்து மட்டும் ஒரு கோப்பு எடம் மாறுனதுல போச்சு" என்பார். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அத்தை கல்லுப்போல் இருக்கிறார். பத்திரம் என் பேரில். பட்டா என் பேரில். வரியும் நான்தான் கட்டுகிறேன். மோட்டார் ரூம் சாவி மட்டும் இன்றுவரை அவர் இடுப்பில்தான் தொங்குகிறது. கேட்டால், "எனக்குப் பெறகுன்னு சொன்னேன்ல?" என்கிறார்.